ரெட்டைப் புள்ளி விளக்கு

— ஏ.டி.சி.ன்னு அடிச்சா ஒரு லாரி ஆபீசு வருது, ஒரு டியூஷன் சென்டரு வருது. இங்க பாருங்கக்கா, நாய்க்குட்டி விக்கறவரு ஒருத்தரு வராரு. ஒங்க வெளக்கு மட்டும் வரல.

— ஏங்க, ஒங்களத்தான். வாசப்படியில நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா? ஷமீம் சொல்றது காதுல வுழுதா?

— வுழுது கமலம். நாய்க்குட்டி வரைக்கும் வுழுந்துச்சு.

— அய்ய, சிரிப்பு வேற. மூணு எழுத்து, மூணு எழுத்துன்னு காலையிலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்கறீங்களே, அந்த மூணு எழுத்த ஒலகத்துல பாதிப் பேரு வெச்சிருக்கான்.

— நம்மளும் வெச்சிருக்கோம்ல. எங்கப்பா காலத்துலேர்ந்து வெச்சிருக்கோம். அத வுட்டுட்டுப் புதுசா ஒண்ணு எதுக்குன்னு பாக்கறேன்.

— தங்கராசண்ணே, மொதல்ல உள்ள வந்து ஒக்காருங்க. ரெண்டு மணிக்குக் கரண்டு போயிடும். எங்க நெட் சென்டரு யூ.பி.எஸ். இருபது நிமிஷம்தான் தாங்கும். அதுக்குள்ள வெப்சைட்டுப் பேர முடிவு பண்ணுனாதான் நான் புக் பண்ண முடியும். எங்கண்ணன் ஷார்ஜாவுல பணம் கட்டக் கார்ட கையில வெச்சிக்கிட்டு ஆன்லைன்ல காத்துக்கிட்டு இருக்குது. சாப்பாட்டு டைம் முடிஞ்சா எழுந்து போயிடும்.

— உள்ள வந்தா தரையெல்லாம் மண்ணாவும் தங்கச்சி. வேல செஞ்ச கைகாலோட அப்படியே வந்துட்டேன்.

— வரட்டும் வுடு. போனையே களிமண்ணு கலவையில போட்டு எடுத்த ஆளு இவரு. அதுலேர்ந்து இவரு போனு என் பையிலதான் இருக்குது. வர்ற காலெல்லாம் நான்தான் எடுக்கறேன். புதுப் போனு வாங்குனாரு, சிம்மு மட்டும் அதே பழைய சிம்மு. மாத்துங்கன்னா மாத்த மாட்டேங்கறாரு. ஏன்னு கேளு.

— அத இப்ப எதுக்கு கமலம்...

— இவங்கண்ணன் வாங்கிக் குடுத்த சிம்மாம்.

— எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பரு. மாத்துனா வியாபாரம் கெடும்னுதான்.

— ஆமாமா, வியாபாரம். நம்பிட்டேன்.

— அக்கா, ஒரு நிமிஷம். அந்த பெங்களூரம்மா என்னா கேட்டாங்கன்னு திரும்ப ஒரு தடவ சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்புல பேரு தேடுவோம்.

— நேத்து பதினோரு மணி இருக்கும். கையெல்லாம் பெயிண்ட்டு. போனு அடிக்குது. எடுத்தா ஒரு பொம்பளக் குரலு. தமிழ்தான் பேசறாங்க, ஆனா வார்த்தைக்கு வார்த்த நின்னு நின்னு வருது. பாண்டிச்சேரியில ஒரு கடையில நம்ம தாமரை வெளக்கப் பாத்தாங்களாம். கையில எடுத்து அடியத் திருப்பிப் பாத்தா, ‘அ.த.’ன்னு ரெண்டு எழுத்து, அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி. யாரு செஞ்சதுன்னு கேட்டதுக்கு, விருத்தாசலத்துல அர்ச்சுனன் தங்கராசுன்னு பழைய கம்பெனின்னு கடக்காரன் சொன்னானாம். அவங்க ஆபீசுல ஒரு பொண்ணு அந்தப் பேரக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தேடி, நம்ம நம்பர மட்டும் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துச்சாம். நாலாயிரம் வெளக்கு கேக்கறாங்க ஷமீம். கார்த்திகைக்கு. நாலாயிரம்!

— மாஷா அல்லாஹ்!

— அதோட வுடல. அவங்க கடைச் சாமானுக்கு ஒரு புக்கு போடறாங்களாம். பெங்களூரு, மெட்ராஸ், பம்பாயின்னு எல்லா ஊருக்கும் போவுமாம். அதுல நம்ம வெளக்கு படம் வருதாம். படத்துக்குக் கீழ ஒங்க கம்பெனிப் பேரும் கம்ப்யூட்டர் அட்ரசும் போடறோம், நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள அனுப்புங்க, பேரு வரலன்னா எங்க பேருலயே போட்டுக்கறோம்னாங்க. அந்த நாளைக்குதான் இன்னிக்கு.

— எங்க பேருலன்னா, அவங்க கடப் பேருலயா?

— வேற? பண்ருட்டி ஏஜெண்டு இத்தன வருஷமா அததான பண்றான். நம்ம வெளக்கு மேல அவன் ஸ்டிக்கர ஒட்டி விக்கறான். நம்ம பேரு எங்க இருக்குது? அடியில. மண்ணுல. வாங்கறவங்க தெனம் வெளக்கேத்துவாங்க, ஒரு நாளும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. இந்த ஒரு தடவையாவது பேரு மேல வரணும்னு ஆசப்படறேன். தப்பா?

— யாரு தப்புன்னா? பேரு வரணும்னுதான் நானும் சொல்றேன். வர்ற பேரு பழைய பேரா இருக்கட்டும்.

— ஆமா, ஒங்க நம்பரு கம்ப்யூட்டர்ல எப்படிக்கா வந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்? டெலிபோன் புக்கு மாதிரி அதுல ஏதாச்சும் இருக்கும்.

— இருக்கும் இருக்கும். சிறுதொழில் லிஸ்ட்டு அது இதுன்னு என்னென்னமோ போட்டு வெச்சிருக்காங்க. சரி, பேருக்கு வருவோம். அண்ணே, சின்னப் பேருதான் இப்ப ஸ்டைலு, அது நெசம். அடிக்கறதுக்கும் சுலபம். ஆனா ரெண்டெழுத்து, மூணெழுத்து எல்லாம் என்னைக்கோ வித்துப்போச்சு. ஏ.டி.சி.யோட நம்ம ரயில்வே ஸ்டேஷன் சுருக்கத்தச் சேத்துப் பாத்தேன். ஏ.டி.சி.வி.ஆர்.ஐ. அது கெடைக்குது.

— அது என்னா, லாரி நம்பரா?

— ‘அ.த.’ங்கறது உள்ள இருக்குதுல்ல. அத வேணா...

— நல்லா இருக்குது ஞாயம்! அந்த பெங்களூரம்மா பக்கத்து வூட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்லுவாங்க? ‘ஏ.டி.சி.வி.ஆர்.ஐ.யில வெளக்கு வாங்குனேன்டி’ன்னா? மூச்சு வாங்கிடும்.

— அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுண்ணே. இந்தக் கடைக்கு மொதல்ல எங்கண்ணன் சொல்லித்தான் பி.என்.சி.ன்னு போர்டு வெச்சோம். பரக்கத்துல்லா நெட் சென்டரு, அதோட சுருக்கம். எங்கத்தா பேரு அது, என்னைப் பெத்தவரு. போர்டு வெச்ச மறுநாளே ஒருத்தரு மூட்டையத் தூக்கிட்டு வந்துட்டாரு, வேப்பூருக்கு அனுப்பணும்னு. பார்சல் ஆபீசுன்னு நெனச்சிட்டாராம். தெனம் ரெண்டு பேரு. எங்கத்தா பாத்தாரு, போர்ட எறக்கிட்டு முழுப் பேர எழுதிட்டாரு.

— கேட்டுக்குங்க.

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இங்க வர்ற ஆளுங்க ஒங்களப் பாத்தா, ‘ரெட்டப்புள்ளிக்காரரு போறாரு’ன்னு பேசிக்கறாங்க. நாங்க கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து வந்து ஆறு மாசம்தான் ஆவுது, எனக்கு வெளங்கல. அது என்னா ரெட்டப் புள்ளி?

— கேட்டியே ஒரு கேள்வி! சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க.

— சொல்றேன். தொழிற்பேட்டையில பொதுச் சூளை இருக்குதுல்ல தங்கச்சி, எல்லாக் கம்பெனி சரக்கும் அதுலதான் ஒண்ணா வேவும். கப்பு, ஜாடி, பொம்ம, வெளக்கு, எல்லாம். வெந்து வெளிய வந்தா எது யாருதுன்னு தெரியணுமே. அதுக்காவ மண்ணு ஈரமா இருக்கும்போதே அடியில ரெண்டு எழுத்து குத்திடுவோம். முழுப் பேரு குத்த எடம் ஏது? எங்கப்பா கருப்பன், தன் பேர வெக்கல. புள்ளைங்க ரெண்டு பேரு பேருலயும் கம்பெனி வெச்சாரு. அர்ச்சுனன் தங்கராசு செராமிக்ஸ். அதத்தான் ‘அ.த.’ன்னு குத்துனாரு. இங்கிலீஷ்ல எழுதுனா ஏ.டி.சி. அர்ச்சுனன் எங்கண்ணன். ரெண்டாயிரத்தி அஞ்சுல, சித்திரையில, பாகம் பிரிச்சிக்கிட்டோம். அதோட பேச்சு நின்னுபோச்சு.

— பிரிஞ்சா ஆளுக்கொரு முத்திரை வெச்சிக்கணுமா வேணாமா ஷமீம்? ரெண்டு பேரும் ஜாடி, அகலுன்னு அதே பழைய சரக்கப் போட்டு, அதே ‘அ.த.’வையே குத்துனாங்க. அவரும் வுட மாட்டாரு, இவரும் வுட மாட்டாரு. ஒரே சூளை, ஒரே முத்திரை. மொத தடவ சூளை பிரிச்ச அன்னிக்கு நீ பாத்திருக்கணுமே! ஆயிரம் உருப்படி குமிஞ்சி கெடக்குது, எது யாருதுன்னு தெரியாம பச்சமுத்து தலையில கைய வெச்சிக்கிட்டு ஒக்காந்துட்டான்.

— யாரு பச்சமுத்து?

— சூளையில சரக்கு ஏத்தி எறக்கறவன். அவன்தான் சொன்னான், ‘பேசிக்க மாட்டீங்க, சரி, புள்ளியாவது வெச்சித் தொலைங்கய்யா’ன்னு. அண்ணனுக்கு ஒரு புள்ளி. எனக்கு ரெண்டு.

— மூத்தவருக்கு ஒண்ணு, எளையவருக்கு ரெண்டு. அதுல மட்டும் சண்ட இல்ல.

— அல்லாவே! மூணு வருஷமா பேசாம, புள்ளி வெச்சிக்கிட்டே காலத்த ஓட்டறீங்களா? எதுக்குண்ணே பிரிஞ்சீங்க?

— அவர எதுக்குக் கேக்கற? என்னைக் கேளு. என்னாலதான்னு ஊரே சொல்லுது. இவங்கண்ணன், புதுசா போடறதுன்னா கரண்டு பெட்டிக்கு ஃபியூஸ் கேரியர் மட்டும் போட்டாப் போதும், அதுலதான் நிச்சயமான ஆர்டருன்னாரு. நான் தாமரை வெளக்கு போடலாம்னேன். அச்சு யாரு செஞ்சா? நான். ராவும் பகலுமா ஒரு மாசம் செதுக்கி, மொத வெளக்க எடுத்துக்கிட்டுப் போயி அவரு கையில குடுக்கறேன். பத்துப் பேரு வேல செய்யற எடம். அத்தன பேரு முன்னால திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘பொம்ம வெச்சி வெளையாடற வயசா ஒனக்கு?’ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க ஷமீம். கனகா கூடச் சிரிச்சா, நேத்து வேலைக்கு வந்த பொண்ணு.

— அண்ணன் சொன்னது தப்புதான்.

— மூணு வருஷம் கழிச்சிச் சொல்றீங்க.

— அன்னிக்கே சொன்னேன். அதனாலதான பிரிஞ்சோம்.

— அது... அது நெசந்தான். அத நான் மறுக்கல. அன்னிக்கு எனக்கு வந்த ஆத்தரத்துல, கொளஞ்சியப்பரு கோயிலுக்குப் போயி பிராது எழுதி வேலுல கட்டிட்டு வந்துடறேன், சாமியே கேக்கட்டும்னு கெளம்பிட்டேன். இவரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து கையப் புடிச்சி இழுத்துட்டு வந்துட்டாரு.

— கூடப் பொறந்தவரு மேல சாமிகிட்ட மனு குடுப்பாங்களா?

— குடுக்கலியே. அந்தக் கோவம் இன்னும் என் வயித்துலதான் இருக்குது.

— அக்கா, அண்ணே, மணி ஒண்ணு நாப்பத்தி அஞ்சு. எங்கண்ணன் ‘என்னாச்சு, என்னாச்சு’ன்னு மூணு தடவ அடிச்சிடுச்சு. எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டா? வெளக்கு அக்காவோடது. அக்கா பேரும் தாமரைதான், வெளக்கும் தாமரைதான். ‘கமலம் விளக்கு’ன்னு வெச்சா என்னா? முழுப் பேரு, கேட்ட ஒடனே மனசுல நிக்கும். இதோ பாத்துட்டேன், கெடைக்குது.

— என் பேரா? அய்ய, என்னா ஷமீம் நீ...

— நல்லா இருக்குதே! கமலம் விளக்கு. அதையே புக் பண்ணிடு தங்கச்சி. நான் போயி டீ சொல்லிட்டு வரேன்.

— நில்லுங்க.

— மூணு டீதான? ஷமீமுக்கு சக்கர கம்மியா?

— நில்லுங்கன்னு சொல்றேன்ல. காலையிலேர்ந்து மல்லுக்கட்டுன ஆளு, என்னா ஒடனே ஒத்துக்கிட்டீங்க?

— நல்ல பேருதான. வெளக்கு ஒன்னோடது, ஒன் பேரு வந்தா ஞாயம்தான. மனசாரத்தான் சொல்றேன்.

— வாயி சொல்லுது. மொகம் சொல்லலியே. பத்தொம்பது வருஷமா பாக்கற மொகம் எனக்குத் தெரியாதா? உள்ள என்னா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க.

— தங்கச்சி இருக்குது கமலம்...

— நான் வேணா வெளிய நிக்கறேண்ணே.

— நீ இரு ஷமீம். இவரு சொல்லட்டும்.

— என்னா சொல்றது? பிடிவாதம்னு நீ நெனக்கற. அது பிடிவாதம் இல்ல கமலம். ஒரு நாளைக்கு முந்நூறு வெளக்கு போடறேன். முந்நூறு தடவ அந்த முத்திரையக் கையில எடுத்துக் குத்தறேன். மொத எழுத்து அண்ணன். பக்கத்துல நான். வாயத் தொறந்து பேசி மூணு வருஷம் ஆச்சு, ஆனா தெனம் முந்நூறு தடவ அவரு பக்கத்துல நிக்கறேன். முழுப் பேர எழுதுனா, ‘பேசறது கெடையாது, அவரு பேரு மட்டும் வேணுமா’ன்னு ஊரு கேக்கும். நீயும் கேப்பே. சுருக்கி வெச்சா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவரும் உள்ள இருப்பாரு. அவ்வளோதான் விஷயம்.

— அக்கா... என்னா பண்ணட்டும்?

— இரு ஷமீம். ஏங்க, நீங்க இப்படி உருகறீங்களே, அவரு ஒரு நாளாவது ஒங்கள நெனச்சிருப்பாரா?

— போன தை மாசம் நம்ம வெளக்கு ரெண்டு தட்டு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்குதா?

— மறுநாள் காலையில பச்சமுத்து கொண்டாந்து வாசல்ல வெச்சிட்டுப் போனானே, அதான?

— பச்சமுத்து கொண்டாரல. மேல பூசற க்ளேஸ் வழிஞ்சி ஒரு புள்ளிய மூடிடுச்சு. ஒத்தப் புள்ளின்னு நெனச்சி அவன் அத எங்கண்ணன் வண்டியில ஏத்திட்டான். தட்டு வாசல்ல இருந்தப்ப ஒவ்வொரு வெளக்குக்கும் நடுவுல பேப்பரு மடிச்சி வெச்சிருந்துச்சு. ஒண்ணுகூட ஒரசல. பச்சமுத்து என்னைக்கு பேப்பரு வெச்சான்? எங்க கம்பெனியில பேப்பரு வெக்கறது ஒரே ஆளுதான். எங்கண்ணன்.

— இத எங்கிட்ட ஏன் சொல்லல?

— நீ கோவமா இருந்தே.

— கோவமா இருந்தா சொல்லக்கூடாதா? நல்ல மனுஷன்யா நீங்க! நான் அந்தப் பச்சமுத்துவக் கூப்புட்டு பொங்கல் துணியெல்லாம் எடுத்துக் குடுத்தேனே!

— அவனும் வாங்கிக்கிட்டான்.

— சிரிக்காத ஷமீம். சரி, கேளுங்க. நான் ஒண்ணு சொல்றேன், அதுக்கப்புறம் யாரும் பேசக்கூடாது. கோயில்ல பிராது எழுதறப்ப, ‘க.’ன்னு ஒரே ஒரு எழுத்து போட்டு மடிச்சிக் கட்டுனா, யாரு கேக்கறா, யாருக்காவ கேக்கறான்னு சாமிக்கு வெளங்குமா? பேரு, அப்பா பேரு, ஊரு, தெரு வரைக்கும் முழுசா எழுதுனாதான அது மனு. ஒங்களுக்கு அண்ணன் வேணும்னா முழுசா எழுதிக் கேளுங்க. எதுக்கு ஒரு எழுத்துக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கிட்டு? அந்த பெங்களூரம்மாவும் முழுப் பேரப் போட்டுதான நம்மளக் கண்டுபுடிச்சாங்க? அர்ச்சுனன் தங்கராசுன்னே போடு ஷமீம்.

— கமலம்! நெசமாவா சொல்ற?

— பின்ன, வெளையாடவா வந்தோம்? எனக்கு அதுக்கெல்லாம் வயசு தாண்டிடுச்சுன்னு பெரியவரே சொல்லிட்டாரே.

— அண்ணன் கோவிச்சுக்குவாரு. கேக்காம எப்படிப் பேரப் போட்டேன்னு...

— கோவிச்சுக்கட்டுமே. சண்ட போடறதுக்காவது நம்ம வாசப்படி ஏறி வருவாருல்ல. வந்தா நான் டீ போட்டுக் குடுத்துட்டு சண்ட போட்டுக்கறேன்.

— ஒன் பேரு?

— வெளக்குக்கு என் பேரு. கடைக்கு ஒங்க பேரு. படத்துக்குக் கீழ ‘கமலம் விளக்கு’ன்னு போடட்டும், அதுக்குக் கீழ ‘அர்ச்சுனன் தங்கராசு, விருத்தாசலம்’. எல்லாம் முழுசா. சுருக்கறதெல்லாம் சூளையோட இருக்கட்டும். போடுடி பொண்ணே, மணி ஆவுது.

— இதோ போடறேன்க்கா. எனக்கே கண்ணு கலங்குது... இங்கிலீஷ்ல நீளமா வருது, பரவால்ல. அண்ணே, ஒங்க பேரு எழுத்து இதான? சரி. அடிச்சிட்டேன்.

— என்னா காட்டுது?

— வருது, இருங்க. நம்ம நெட்டு அவ்வளோ வேகம்தான்.

— ஏங்க, கண்ணத் தொடைக்காதீங்க. கை மண்ணு பூரா கண்ணுல அப்பிக்கப் போவுது.

— தொடைக்கல. தூசி.

— அக்கா.

— கெடச்சிடுச்சா?

— இல்லக்கா. இந்தப் பேர ஏற்கெனவே ஒருத்தரு எடுத்துட்டாங்க.

— யாரு, அந்த நாய்க்குட்டிக்காரரா?

— தமாஷ் இல்லக்கா. தொறந்து பாக்கறேன்... மெதுவா வருது. ஒரு வெளக்கு படம். தமிழ்ல பேரு. ‘அர்ச்சுனன் தங்கராசு, விருத்தாசலம்.’ கீழ ஒரு செல் நம்பரு. வேற ஒண்ணுமே இல்ல.

— வெளக்கா? என்னா வெளக்கு?

— தாமரை மாதிரி. அஞ்சு மொகம் வெச்சது. பெயிண்ட்டு இல்ல, வெறும் வெள்ளையா இருக்குது.

— பெயிண்ட்டு இல்லாம ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது ஒலகத்துல. நான் அவரு கையில குடுத்த மொத வெளக்கு. திருப்பிக் குடுக்கவே இல்ல. என் வெளக்குங்க! வெளையாட்டு பொம்மன்னு சொல்லிட்டு, அத எடுத்து வெச்சிக்கிட்டு...

— தங்கச்சி, அத யாரு எடுத்தாங்கன்னு அதுல தெரியுமா?

— தெரியும்ணே, ஒரு நிமிஷம். பேரு... ஆனந்தராஜ். அர்ச்சுனன் மகன்.

— அண்ணன் பையன். மெட்ராசுல கம்ப்யூட்டர் வேல பாக்கறான்.

— எடுத்த தேதி இருக்குதா ஷமீம்?

— இருக்குதுக்கா. ரெண்டாயிரத்தி அஞ்சு, மே மாசம் இருபத்தி ஏழு. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்சிருக்காங்க.

— வைகாசி! பாகம் பிரிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள! இவரு பேரையும் சேத்து, என் வெளக்கையும் சேத்து! பாத்தீங்களா ஒங்க அண்ணன? பேப்பரு மடிச்சி வெச்சாராம்ல, பேப்பரு!

— ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம் கமலம். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.

— நான்தான் பைத்தியக்காரி. வயித்துல இருந்த கோவத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, முழுசா வையுங்க, முழுசா வையுங்கன்னு... எனக்கு நல்லா வேணும்.

— கரண்டு போச்சுக்கா.

— போவட்டும். அந்த நம்பரு தெரியுதா இன்னும்?

— யூ.பி.எஸ்.ல ஓடுது, தெரியுது.

— ஒன் கடைப் போன எடு. அந்த நம்பர அடி. அப்பனோ புள்ளையோ, யாரு எடுத்தாலும் சரி, என்கிட்ட குடு. மூணு வருஷமா சேத்து வெச்சிருக்கறத ஒரே மூச்சுல கேட்டுடறேன்.

— வேணாம் கமலம்.

— நீங்க அந்தப் பக்கம் போங்க. இந்தத் தடவ பஸ் ஸ்டாண்டுல கையப் புடிச்சி இழுக்கற கதையெல்லாம் நடக்காது. அடி ஷமீம்.

— அடிக்கறேன்க்கா. திட்டாம பேசுங்க, எங்கத்தா மாடியிலதான் தூங்கறாரு... ரிங் போவுது.

— போவட்டும்.

— கமலம், ஒன் பையில போனு அடிக்குது.

— அடிக்கட்டும். பெங்களூரம்மாவா இருப்பாங்க. எந்த மொகத்த வெச்சிக்கிட்டு எடுக்கறது? சொல்றதுக்குப் பேரே இல்லாம போச்சே. எடுத்தாரா ஷமீம்?

— இன்னும் இல்லக்கா.

— எப்படி எடுப்பாரு? வெச்சிட்டுத் திரும்ப அடி.

— வெச்சிட்டேன்.

— ஒன் பையில அடிச்சதும் நின்னுபோச்சு கமலம்.

— இருக்கற ஆத்தரத்துல அத ஏங்க கவனிக்கறீங்க? நீ அடி ஷமீம்.

— அடிக்கறேன்... ரிங் போவுதுக்கா. அக்கா, ஒங்க பையில திரும்பவும்...

— எடு கமலம். அண்ணன் அதுல எழுதி வெச்சிருக்கறது நம்ம நம்பரு.